நான் என்றால் அவர்

புர்க்டோர்ஃப். பெப்ரவரி. காலை எட்டேகால்.
யன்னலுக்கு வெளியே எம்மே ஆறு, ஓரங்கள் உறைந்து.
நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர் குணநாயகம்.
பக்கத்து ஸ்டூலில் நான், மணிக்கூலிக்கு மொழிபெயர்ப்பவள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி:
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது.
அவர் ‘எனக்கு நோகுது’ என்றால்
நானும் ‘எனக்கு நோகுது’ என்றே ஜெர்மனில் சொல்ல வேண்டும்.
இந்த மாதத்தில் எனக்கு
ஒருமுறை நெஞ்சடைத்தது,
இரண்டு தரம் அகதி மனு தள்ளுபடியானது.
இன்றைக்குப் பல்.

எப்படி நோகிறது, கேட்டார் டொக்டர் லீக்டி,
குத்துகிறதா, இழுக்கிறதா?
‘கூசுது’ என்றார்.
குளிர்தண்ணி பட்டால் பல்லுக்கு வருவதும்
நாலுபேர் பார்த்தால் மனிசனுக்கு வருவதும்
எங்களுக்கு ஒரே சொல்.
எதற்கும் இரண்டையும் சொன்னேன்.
இரண்டுமே அறிகுறிதான் என்று
இரண்டையும் எழுதிக்கொண்டார்.

முதலில் வெள்ளையாய் ஒரு புள்ளி வந்திருக்கும்,
ஈறோரம், சுண்ணாம்பு ஒட்டினாற்போல.
நோகாது. ஆரும் கவனிப்பதில்லை.
பிறகு தேத்தண்ணி நிறம்.
பிறகு நாக்குநுனிக்கு ஒரு சொரசொரப்பு.
பிறகு ஐஸ், பிறகு சுடுசோறு,
பிறகு இரவில் தலையணையில் தலை வைத்ததும்
தாடைக்குள் ஆரோ கதவு தட்டுவது.
‘நீங்கள் எதில் நிற்கிறீர்கள்?’
விரல் மடித்து எண்ணிப் பார்த்து,
‘கதவில’ என்றார்.

‘பூச்சி அரிச்சிருக்குமோ?’
பூச்சி இல்லை என்றார் டொக்டர். இனிப்பு?
தொடமாட்டார்.
சோடா? இல்லை.
‘பின்னை எப்பிடி நாலு வருசம் பொறுத்தன் எண்டு கேளுங்கோ.
பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன்.’
டொக்டர் பதறி, தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு
ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது என்றார்.
அந்தப் பல் இந்தப் பல் அல்ல என்று விளக்க
ஐந்து நிமிடம் போயிற்று.

பிறகுதான் கேட்டார், எங்கே வேலை?

பிஸ்கற் தொழிற்சாலை. பதினொரு வருடம். இரவு.
சீனியை மாவாக அரைக்கும் யந்திரத்துக்குப் பக்கத்தில்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
அவர் சீனியைத் தின்னவில்லை,
மூச்சாய் இழுத்திருக்கிறார்.
முகமூடியைத் தாடைக்குக் கீழே தள்ளிவிட்டு
உலர்ந்த வாயால், இரவிரவாக.
வாய்க்குள் குடியிருக்கும் கிருமிகள்
அந்தத் தூசைத் தின்று புளிப்பைத் துப்பும்.
புளிப்பு பல்லைக் கரைக்கும்.
அரை மணி நேரம் சும்மா விட்டால்
எச்சில், கரைந்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கட்டும்.
எட்டு மணி நேரத்தில்
அவருக்கு இருந்தது ஒரு கால்மணி இடைவேளை.
எச்சிலுக்கும் அதேதான்.

மேல் முன்பல் நாலு. மூவாயிரத்து நானூறு பிராங்க்.
இந்த நாட்டுக் காப்புறுதிக்கு
உடம்பு உதட்டோடு முடிந்துவிடும்.
தொழிலால் வந்த நோய் என்று
ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம், என்றார் டொக்டர்,
உறுதி சொல்ல முடியாது.
குணநாயகம் கூரையைப் பார்த்தார். விளக்கு சுட்டது.
‘கடிதம் போனா வேலையும் போயிடும்.’
சொன்னேன்.
கொஞ்சம் பொறுத்து,
‘தங்கச்சி, இதை அவவுக்குச் சொல்லாதையுங்கோ.
மனுசிக்கு முன்னால வாய் திறந்து சிரிச்சு மூண்டு வருசம்.
அவ நினைக்கிறா எனக்குக் கோவம் எண்டு.’

இன்னொரு விதி:
அறைக்குள் பேசியது எதுவும்
அறைக்குள் ஒளிந்திருக்கக் கூடாது.
‘இதை அவரிடம் சொல்லாதீர்கள்’ என்றேன் ஜெர்மனில்,
‘நான் மூன்று வருடமாக
என் மனைவியிடம் சிரிக்கவில்லை.’
டொக்டர் என்னைப் பார்த்தார்.
பிறகு, நான் யார் என்பது ஞாபகம் வந்தவர்போல், அவரை.

கடிதத்தை எழுதி மேசையில் வைக்கிறேன்,
அனுப்புவதா என்று வியாழனுக்குள் சொல்லுங்கள், என்றார்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே,
வேறெங்கும் நோகிறதா?
கேட்டேன். தலையாட்டினார்.

‘இல்லை,
எனக்கு வேறெங்கும் நோகவில்லை’ என்றேன்.
கீழ் இடப்பக்கம், கடைசிப் பல்லின் குழிக்குள்
என் நாக்குநுனி போய்
உட்கார்ந்திருந்தது.